முகப்படமும் குறை கேட்கும் செவியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புகைப்படக் கலையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எங்களைப் பணித்தபோது நாங்கள் பெரிதும் தயங்கினோம். நாங்கள் கலைஞர்கள் அல்லோம். நாங்கள் நால்வர். ஒருவர் தாராவியில் தையற்கடை வைத்திருப்பவர். ஒருவர் செம்பூரில் பள்ளி ஆசிரியர். ஒருவர் மாட்டுங்காவில் பூ வியாபாரம் செய்பவர். நான்காமவர் பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். அந்த நான்காமவரே இப்பொழுது உங்கள் முன் நிற்பவர். ஞாயிறுதோறும் சங்கத்தின் பின்னறையில் ஒரு நாற்காலியையும் ஒரு விளக்கையும் வைத்துக்கொண்டு, அமர்ந்தவருடைய முகத்தைப் படமெடுக்கப் பழகி வருகிறோம். ஐந்து ஆண்டுகள் ஆயின. அதில் பட்டதையும் கெட்டதையும் திருத்திக்கொண்டதையும் சொல்லும் உரிமை மட்டும் எங்களுக்கு உண்டு என்று கருதி ஒப்புக்கொண்டோம்.

நம் வீடுகளில் முகப்படத்திற்கு உள்ள இடம் நீங்கள் அறியாததன்று. பத்தடிக்குப் பத்தடி அறையானாலும் சுவரில் ஒரு படம் மாலையோடு தொங்கும். பெண் பார்க்கப் படம் வேண்டும்; மாப்பிள்ளை வீட்டாருக்குப் படம் அனுப்ப வேண்டும். பம்பாய்க்குப் பிழைக்க வந்த பிள்ளை உடம்போடு நலமாக இருக்கிறான் என்று ஊரில் உள்ள தாய்க்குத் தெரிவித்ததும் ஒரு காலத்தில் படந்தான். கடிதத்தைப் பிறர் படித்துச் சொல்ல வேண்டும். படத்தை எவரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தகப்பனார் 1968இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி வந்து, தாராவியில் தோல் பதனிடும் வேலையில் அமர்ந்தார். 1974இல், திருமணப் பேச்சு எழுந்தபோது, ஒரு ஸ்டூடியோவுக்குச் சென்று நாற்காலியில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார். எந்த ஸ்டூடியோ என்று சொல்லப்போவதில்லை. அன்று எல்லா இடத்திலும் வழக்கம் அதுதான். அங்கே அவருடைய முகத்தை வெளுக்க வைத்துவிட்டார்கள். ஊருக்குப் போன அப்படத்தைக் கையில் வாங்கிய எங்கள் ஆச்சி, "இது யாரு, எந்த ஊர்த் துரை?" என்று கேட்டாளாம். வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. தகப்பனார் இறந்த பின்னர் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனெனில் அவருக்கு இருந்த படம் அது ஒன்றே. அதைத்தான் பெரிதாக்கி மாலையிட்டோம். எங்கள் பிள்ளைகள் தம் பாட்டனார் என்று வணங்குவது எவரோ ஒரு வெள்ளை முகத்தை. நாங்கள் காமிராவைத் தொட்டதற்குக் காரணம் இதுவே.

தொடக்கத்தில் எடுத்த படங்களை வீட்டாரிடமும் அண்டை அயலாரிடமும் காட்டினோம். எல்லாரும் "பிரமாதம்" என்றார்கள். ஆறு மாதம் இந்தப் புகழ்ச்சியிலேயே கழிந்தது. அவற்றை இன்று எடுத்துப் பார்த்தால் முதல் வாரத்துப் படத்திற்கும் கடைசி வாரத்துப் படத்திற்கும் எள்ளளவும் வேற்றுமை தெரியவில்லை. அன்பு உள்ளவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். அன்பு இல்லாதவர்களோ படத்தைப் பார்க்கவே மாட்டார்கள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒருவரைத் தேடியலைந்தோம்.

மாட்டுங்காவில் அவர் கிடைத்தார். முப்பது ஆண்டுகள் ஸ்டூடியோக்களில் இருட்டறை வேலையும் நெகட்டிவ் திருத்தும் வேலையும் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். அண்ணாச்சி என்றே அவரை அழைக்கிறோம். இருபது படங்களை அவர் முன் பரப்பினோம். பத்து நிமிடம் வாய் திறக்கவில்லை. பிறகு, "விளக்கு எங்கே இருந்தது?" என்றார். நாங்கள் விளக்கத் தொடங்கினோம். "நீங்க சொல்ல வேண்டாம். கண்ணைப் பாருங்க, அது சொல்லும்" என்றார்.

உண்மைதான். அமர்ந்தவருடைய கருவிழியில் வெண்புள்ளி ஒன்று இருக்கும். அது விளக்கின் நிழல். எங்கள் படங்கள் அனைத்திலும் அப்புள்ளி விழியின் நடுவில் இருந்தது. காமிராவின் தலையிலேயே இருந்த விளக்கு நேரே முகத்தில் அடித்ததற்கு அது சாட்சி. அதனால் மூக்கு எழும்பவில்லை, கன்னம் ஒடுங்கவில்லை, முகம் தோசைக்கல்லில் ஊற்றிய மாவுபோலத் தட்டையாகப் பரந்துகிடந்தது. அண்ணாச்சி பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு பிரிண்டின் மேலும் ஒரே ஒரு கோடு போட்டார். ஒன்றில் சட்டைக் காலர்; ஒன்றில் தலைக்குப் பின்னே கொம்புபோல முளைத்திருந்த சன்னற்கம்பி; ஒன்றில் என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்த கைகள். அடுத்த ஞாயிறு அந்த ஒரு குறையை மட்டும் தீர்த்துக்கொண்டு வரச் சொன்னார்.

எங்களுக்குக் கோபம் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதன்று. அனுப்பிய கோப்பு சிவப்பு மையில் ஆட்சேபக் குறிப்போடு திரும்பி வரும்; வந்தவுடன் எழுதியவரை வைவோம்; மாலைக்குள் பார்த்தால் குறிப்பு சரியாகவே இருக்கும். பென்சிற் கோடும் அப்படித்தான்.

விளக்கைக் காமிராவினின்று பிரித்தோம். அமர்ந்தவருக்கு ஒரு பக்கமாகவும் தலைக்குச் சற்று மேலாகவும் வைத்தோம். மூக்கின் நிழல் கன்னத்தின் நிழலோடு கூடி, நிழல் விழுந்த கன்னத்தில் முக்கோணமாக ஒரு சிறு வெளிச்சம் மிஞ்சியது. ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் உலகெங்கும் வழங்கும் ஒளியமைப்பு அது. அதற்கு நாங்கள் செலவிட்டது ஒரு பல்பு, ஒரு தாங்கி, விளக்கின் முன்னே கட்டிய மெல்லிய வெள்ளைத் துணி, எதிர்ப்பக்கத்தில் நிழலைச் சற்றுத் தணிக்க ஒரு தெர்மோகோல் அட்டை. துணி பெரிதாகவும் முகத்துக்கு அருகிலும் இருந்தால் நிழலின் ஓரம் மெத்தென்றிருக்கும். விளக்கைத் தொலைவில் தள்ளினால் கத்திபோல வெட்டும். பின்னறை சிறியதாகையால் நாங்கள் முகத்துக்கு மிக அருகில் நின்று எடுத்துவந்தோம். அதனால் மூக்குப் பெருத்துக் காது சிறுத்தது. ஆறடிக்குக் குறையாமல் தள்ளி நில்லுங்கள் என்றார் அண்ணாச்சி. கதவைத் திறந்துவைத்துத் தாழ்வாரத்தில் நின்று எடுத்தோம். மூக்கு தன் அளவுக்குத் திரும்பியது.

கடினமாக இருந்தது நிறந்தான். காமிராவுக்குள் ஒளியை அளக்கும் கருவிக்கு எதிரில் இருப்பது வேட்டியா, முகமா என்று தெரியாது. எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே கொண்டு கணக்கிடும். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் உடுத்த கறுத்த மனிதர் ஒருவர் அமர்ந்தால், கருவி அந்த வெண்மையைக் கண்டு ஒளியைக் குறைக்கும். முகம் கரிக்கட்டையாகிவிடும். பிறகு கணிப்பொறியில் ஏற்றி முகத்தை வெளுப்பாக்குவோம். அப்பொழுது, எங்கள் தகப்பனாருக்கு அந்த ஸ்டூடியோ செய்த காரியத்தையே நாங்களும் செய்தவர்கள் ஆவோம். இன்று கைப்பேசிகளில் அழகூட்டும் வசதி என்று ஒன்று இருக்கிறது. எவரும் கேளாமலே அது இவ்வேலையை ஒரு நொடியில் செய்துவிடுகிறது. கறுத்த முகத்தின் வடிவைக் காட்டுவது அதன் மேல் நிற்கும் மினுமினுப்பு என்று அண்ணாச்சி கற்பித்தார். நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, கீழுதடு ஆகிய இடங்களில் ஒளி வழுக்கி நிற்க வேண்டும். அதற்கு வேண்டியது பக்கவாட்டிலிருந்து வரும் அகன்ற ஒளி. நிறத்தை மாற்றவே வேண்டியதில்லை.

இவ்வாறு ஒருவர் எடுத்ததை மற்றவர் முன் வைத்துக் குறை கேட்பது நம் நகரத்துக்குப் பழைய வழக்கம். புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். லண்டனில் புகைப்படச் சங்கம் தோன்றியது 1853இல். அதற்கு மறு ஆண்டே, 1854இல், பம்பாயில் ஒரு புகைப்படச் சங்கம் அமைந்துவிட்டது. கல்கத்தாவிலும் சென்னையிலும் பின்னரே அமைந்தன. பைகுல்லாவில் அருங்காட்சியகத்திற்குப் பெயர் தந்திருக்கும் டாக்டர் பாவு தாஜியும், படமெடுப்பதில் தேர்ந்த அவர் தம்பி நாராயண் தாஜியும் அதில் உறுப்பினர்கள். 1855இல் எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் புகைப்பட வகுப்பு தொடங்கிற்று. அங்கே பயின்ற ஹரிச்சந்திர சிந்தாமணி பின்னர் இந்நகரில் தொழில் முறையில் படமெடுத்த முதல் இந்தியருள் ஒருவரானார். 1896இல் ராஜா தீன்தயாள் இங்கே ஸ்டூடியோ திறந்தார். 1928இல் பல்லார்டு எஸ்டேட்டில் ஹாமில்டன் ஸ்டூடியோ எழுந்தது. நமக்கு அண்டையில் உள்ள தாதரில், பிரிவினையின் பின்னர்க் கராச்சியிலிருந்து வந்த ஜே. எச். தாக்கர் 1948இல் இந்தியா போட்டோ ஸ்டூடியோவைத் தொடங்கினார். இந்தித் திரைப்பட நடிகர் நடிகையர் பலர் அவருடைய விளக்குகளின் கீழ் அமர்ந்தவர்கள். ஆழ்ந்த நிழலை அவர் அஞ்சாமல் விடுவார். அப்படங்களை அச்சில் பார்த்த பின்புதான், நிழலும் முகத்தின் ஒரு பகுதியே என்ற துணிவு எங்களுக்கு வந்தது.

கனடா நாட்டுக்குப் போன ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூசுப் கார்ஷ் என்ற ஆர்மீனியர் 1908இல் துருக்கி நாட்டு மார்தீன் ஊரிற் பிறந்தவர். இனக்கொடுமைக்குத் தப்பி, இளம் வயதில் தனியாகக் கனடாவில் புகைப்படக்காரராக இருந்த தாய்மாமனிடம் போய்ச் சேர்ந்தார். மாமன் அவரை 1928இல் பாஸ்டன் நகரில் ஜான் காரோ என்ற மற்றோர் ஆர்மீனியரிடம் தொழில் பழக அனுப்பினார். பிழைக்கப் போன இடத்தில் ஊர்க்காரர் ஊர்க்காரருக்குத் தொழில் காட்டும் இவ்வழக்கம் தாராவியில் இருப்பவர்களுக்குப் புதிதா, என்ன? 1932இல் ஆட்டவா நகரில் சொந்த ஸ்டூடியோ வைத்தார். காரோ பகல் வெளிச்சத்தில் மட்டுமே எடுத்தவர். கார்ஷ், அங்கிருந்த சிறு நாடக மன்றம் ஒன்றில் மேடை விளக்குகள் முகத்தை மாற்றுவதைக் கண்டு, மின்விளக்கைப் பழகிக்கொண்டார். அந்த மன்றத்தின் வாயிலாகவே கனடாவின் கவர்னர் ஜெனரலாயிருந்த பெஸ்பரோ பிரபுவைப் படமெடுக்கும் வாய்ப்பு வந்தது. அன்று இளைஞருக்குக் கை நடுங்கிற்று. படங்கள் கலங்கிப் போயின. பிரபு இரண்டாம் முறை வந்து அமர்ந்தார். அந்த இரண்டாம் படங்கள் லண்டன் பத்திரிகைகளில் வெளிவந்தன. 1941 டிசம்பர் 30இல் சர்ச்சிலின் வாயிலிருந்து சுருட்டைப் பறித்துப் படமெடுத்ததையே எல்லாரும் சொல்வார்கள். எங்களுக்கோ அந்தக் கலங்கிய முதற்படமே பெரிதாகத் தோன்றுகிறது; அதைவிட, மறுமுறை வந்து அமர்ந்த மனிதருடைய பெருந்தன்மை பெரிதாகத் தோன்றுகிறது.

ஜூலியா மார்கரெட் காமரன் அம்மையார் 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1863ஆம் ஆண்டின் இறுதியில், நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த காமிராவைக் கொண்டு கற்கத் தொடங்கினார். நாற்பதைத் தாண்டிய எங்களுக்கு இது ஆறுதல் தரும் செய்தி. படம் தெளிவாக இல்லை என்று லண்டன் இதழ்கள் அவரை இகழ்ந்தன. ஜான் ஹெர்ஷல் என்ற வானநூல் அறிஞரோ நண்பராக இருந்து படங்களைப் பார்த்துக் கருத்துரைத்தார். எந்தக் குறையை ஏற்பது, எந்தக் குறையைத் தள்ளுவது என்பதை அவர் தாமே முடிவு செய்துகொண்டார். மென்மையான அந்த மங்கலை விடவேயில்லை. 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே மறைந்தார். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் தமிழ்த் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். நல்ல படங்கள். ஆனால் அவற்றில் அமர்ந்தவர் பலருக்குப் பெயர் எழுதப்படவில்லை. உன் முகம் சரியாக வந்திருக்கிறதா என்று அவர்களை யாரேனும் கேட்டிருப்பார்களா?

கேளாமையினால் வந்த குறை பெரிய தொழிற்சாலைகளிலும் இருந்தது. வண்ணப் பிரிண்டுகளின் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து ஆய்வுக்கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பி வந்தது. ஷெர்லி என்ற வெள்ளைக்காரப் பெண்மணியின் படம் அதில் இருந்தமையால், பின்னர் வேறு பெண்கள் வந்தபோதும் ஷெர்லி அட்டை என்ற பெயரே நிலைத்தது. அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த முகங்கள் சேறுபோல வருவதை அந்த அட்டை காட்டாது. கறுப்பின மக்களின் குறையைவிட, சாக்லேட் செய்பவர்களும் மர நாற்காலி மேசை விற்பவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் பேதப்பட்டு வரவில்லை என்று முறையிட்டதுதான் பிலிமைத் திருத்தும் முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று என்று அந்நிறுவனத்தில் இருந்தவர்களே பின்னர்க் கூறியிருக்கிறார்கள். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990களிலேதான் வந்தது.

இனி எங்கள் பின்னறைக்குத் திரும்புவோம். 90 அடி சாலைப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தாள். எழுபதைத் தாண்டியவள், வீட்டிலேயே இட்லி அவித்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவள். அவளை எடுத்த படத்தைக் கண்டு நாங்கள் நால்வரும் பூரித்துப் போனோம். கன்னத்தில் முக்கோணம், விழியில் புள்ளி, நெற்றியில் மினுமினுப்பு. அண்ணாச்சிகூடப் பென்சிலை எடுக்கவில்லை. பிரிண்டை ஆச்சியிடம் கொடுத்தோம். நெடுநேரம் பார்த்தாள்.

"ஏய்யா, இது யாரு? எம் மூக்குத்தி எங்க போச்சு?"

நாங்கள் வாயடைத்துப் போனோம். மூக்குத்தி வலப்பக்கம். விளக்கு இடப்பக்கம். வலப்பக்கம் முழுதும் நிழல். விளக்கு ஏன் இடப்பக்கம் என்றால், மின்சாரப் பிளக்கு அந்தச் சுவரில் இருந்தது; வேறு காரணம் ஒன்றுமில்லை. முதல் ஆண்டு இட்லி விற்ற காசில் வாங்கிய மூக்குத்தி அது என்று ஆச்சி சொன்னாள். அதற்கு முன் எங்களுக்கு அது தெரியாது, நாங்கள் கேட்கவுமில்லை. தையற்காரர் ஓடிப்போய் நீண்ட வயர் ஒன்று வாங்கி வந்தார். விளக்கு அறையின் மறுபக்கம் போயிற்று. மூக்குத்தியின் கல்லில் ஓர் ஒளி நின்றது. அந்தப் படத்தை ஆச்சி முந்தானையால் துடைத்துப் பார்த்துவிட்டு, "இத வச்சுக்கிடுங்க. நாளைக்கு மாலை போட ஆகும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அன்று முதல் படம் எடுக்குமுன் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருப்பது எங்கள் வழக்கமாயிற்று. எடுத்த பின் அமர்ந்தவரிடமும் கேட்கிறோம், உடன் வந்த உறவினரிடமும் கேட்கிறோம். இருவர் தீர்ப்பும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. மனிதன் தன் முகத்தை அறிவது கண்ணாடியில். அங்கே இடம் வலமாகும். பிறர் அறிவது நேர்முகத்தை. 1977இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். படத்தில் அமர்ந்த பெண்கள் இடவலம் மாறிய தம் படத்தையே மிகுதியும் விரும்ப, அவர்களுடைய நண்பர்கள் நேர்ப்படத்தை விரும்பினார்கள். ஆகவே ஒருவர் "இது நான் அல்லேன்" என்றால் உடனே இடிந்து போவதில்லை. "மகளைக் கூப்பிடுங்கள்" என்கிறோம். மகளும் அப்படியே சொன்னால் விளக்கை நகர்த்துகிறோம்.

எங்கள் தகப்பனாரின் படத்தை ஒருநாள் அண்ணாச்சியிடம் கொண்டுபோனோம். வெளுப்பை நீக்கிப் பழைய நிறத்தைக் கொண்டுவர இயலுமா என்று கேட்டோம். பூதக் கண்ணாடியை வைத்து நோக்கினார். நெகட்டிவில் முகத்தின் மேல் பென்சில் தீட்டியிருக்கிறார்கள், தீட்டிய இடம் பிரிண்டில் வெளுக்கும், அதன் அடியில் இருந்தது போய்விட்டது, நெகட்டிவும் இல்லை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். "நானும் இந்த வேலைதான் பார்த்தேன். எத்தனை பேருக்குப் பண்ணியிருப்பேன்னு கணக்கு இல்ல" என்றும் சொன்னார். பிறகு தம் உள்ளங்கையால் படத்தில் முகத்தை மூடினார். "இதைப் பாருங்க" என்றார்.

நாற்காலிக் கையின் மேல் தகப்பனாருடைய வலக்கை இருந்தது. அதன் மேல் யாரும் பென்சில் வைக்கவில்லை. கறுத்த கை, தோல் வேலையில் தடித்த விரல்கள், பெருவிரல் நகம் பிளந்திருந்தது. ஐம்பது ஆண்டுகளாக அப்படம் வீட்டில் இருந்தும் நாங்கள் அதைப் பார்த்ததில்லை. அந்தக் கையை மட்டும் பெரிதாக்கித் தாயாரிடம் கொடுத்தோம். யாருடையது என்று சொல்லவில்லை. வாங்கியவுடன் நகத்தின் மேல் விரலை வைத்து, "இது அவுக கைல்லா" என்றாள். இப்பொழுது சுவரில் அது முகத்துக்குக் கீழே இருக்கிறது.

விழா முடிந்ததும் பின்னறையில் விளக்கு எரியும். எழுபது வயதைக் கடந்த பெரியோர்கள் முதலில் வர வேண்டுகிறோம். உடன் பிள்ளைகளில் ஒருவர் வருவது நலம். படம் இலவசம். மூக்குத்தி எந்தப் பக்கம் என்று அமரும்போதே சொல்லிவிடுங்கள். வயர் இருபக்கமும் எட்டும். பிடிக்கவில்லையென்றால் அங்கேயே சொல்லுங்கள், மறுபடியும் எடுப்போம்.